மலையில் ஓடும் காரின் நட்டும் போல்ட்டும்: சஸ்பென்ஷன் வேலையை வீட்டிலேயே செய்ய நினைப்பவர்களுக்கு

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும் சாலை. கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது முன்பக்க இடது மூலையில் ‘டொக்’ என்று ஒரு சத்தம். நேர் ரோட்டில் இல்லை, பள்ளத்தில் இறங்கினாலும் இல்லை. வளைவில் மட்டும், வளைவுக்கு ஒரு முறை. நான்கு நாளுக்கு முன் நானே மாட்டிய லிங்க் ராடு (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சிறு கம்பி) இருக்கும் பக்கம் அது. ராடு புதிது, நட்டு பழையது. கழற்றிய நைலான் நட்டையே (கழலாமல் பிடிக்க உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு) துணியால் துடைத்துத் திரும்ப மாட்டியிருந்தேன். பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. வண்டியை ஓரங்கட்டி, பின் டயருக்குக் கல் வைத்து, சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தேன். நட்டு விரலாலேயே சுற்றியது.

இது நடந்து பல வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு என் காரிலும் தெருக்காரர்கள் காரிலும் லிங்க் ராடு, லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் சேஸிஸோடு இணைக்கும் கை), ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) என்று பல முறை மாற்றியாயிற்று. பாகத்தை எப்படிக் கழற்றுவது, எப்படி மாட்டுவது என்று காட்ட எத்தனையோ வீடியோ இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலும் மூன்று நொடியில் கடந்துபோகும் இடம் ஒன்று உண்டு: ‘இப்ப நட்டை டைட் பண்ணிக்கணும்’. மலை வண்டியைப் பொறுத்தவரை வேலையின் பாதி அந்த மூன்று நொடியில் இருக்கிறது. அதனால் இந்தக் கட்டுரை பாகத்தைப் பற்றிக் கொஞ்சமும், நட்டு போல்ட்டைப் பற்றி நிறையவும் பேசும். முன்பக்கம் ஸ்ட்ரட் உள்ள சிறிய கார்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஸ்டெப்னி மாற்றத் தெரிந்தவர் என்றால் போதும், பின்தொடரலாம்.

போல்ட் எதனால் பிடிக்கிறது

போல்ட்டை ஒரு ஆணி என்று நினைத்தால் எல்லாமே தப்பாகப் போகும். அது ஒரு ஸ்பிரிங். மிக விறைப்பான ஸ்பிரிங். நட்டை முடுக்கும்போது போல்ட் உண்மையிலேயே நீள்கிறது, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு. நீண்டது சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுப்பில்தான் இரண்டு இரும்பும் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டு நிற்கின்றன. வளைவில் வரும் பாரத்தைத் தாங்குவது அந்த நெரிப்பில் உண்டாகும் உராய்வு. போல்ட்டின் உடம்பு அல்ல.

நெரிப்பு குறைந்தால் என்ன ஆகும்? இரண்டு இரும்பும் ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை நகரும். இப்படிப் பக்கவாட்டில் இப்படியும் அப்படியும் நகர்வதுதான் நட்டைக் கழற்றிவிடுகிறது என்பதை 1969-ல் ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் சோதனை செய்து காட்டினார். அவர் வகுத்த முறையில் வைத்துப் பார்த்தால் ஸ்பிரிங் வாசர் அநேகமாக எந்தப் பயனும் தருவதில்லை. முழுக்க முடுக்கிய பிறகு அது தட்டையாகி வெறும் வாசராகத்தான் நிற்கிறது. எனவே ‘ஸ்பிரிங் வாசர் போட்டிருக்கேன், கழலாது’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மலைச் சாலையில் இந்த இப்படி-அப்படி சமவெளியைவிடப் பல மடங்கு. குன்னூர் மேட்டுப்பாளையம் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவு. ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36. ஒவ்வொன்றிலும் வெளிப்பக்கச் சக்கரம் அமுங்குகிறது, உள்பக்கம் தொங்குகிறது, லிங்க் ராடு ஒரு பக்கம் இழுபட்டு மறு பக்கம் தள்ளப்படுகிறது. அடுத்த வளைவில் அப்படியே தலைகீழ். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் லோயர் ஆர்ம் பின்னால் தள்ளப்படுகிறது. சமவெளியில் ஆறு மாதம் தாக்குப்பிடிக்கும் அரைகுறை நட்டு இங்கே ஆறு நாள்கூடத் தாங்காமல் போகலாம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் ஸ்பேனரில் கொடுக்கும் பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை நீட்டப் போகிறது. சுமார் பாதி, தலைக்கு அடியில் உரசுவதிலேயே தீர்ந்துவிடுகிறது. மீதி மரையில் உரசுவதில். அப்படியென்றால் மரையில் துரு இருந்தால் நாம் எவ்வளவு முடுக்கினாலும் போல்ட் நீளாது. கை மட்டும் ‘டைட் ஆயிடுச்சு’ என்று பொய் சொல்லும். மரையில் கிரீஸ் பூசியிருந்தால் அதே பலத்துக்கு அளவுக்கு மீறி நீண்டுவிடும். கீழே சுத்தம் சுத்தம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

கடைக்குப் போகும் முன்

எதையெல்லாம் புதிதாக வாங்க வேண்டும்? நைலான் நட்டு அத்தனையும். மரையில் ஒருமுறை ஏறிய நைலான் வளையத்தில் தடம் விழுந்துவிடும். இரண்டாம் முறை அதே பிடிப்பு வராது. வாயை லேசாக நசுக்கிய, முழு இரும்பால் ஆன லாக் நட்டும் அப்படித்தான். ஸ்ப்ளிட் பின் (நட்டு சுற்றாமல் இருக்கத் தண்டின் துளையில் செருகி மடிக்கும் கம்பி) கட்டாயம் புதிது. ஸ்ட்ரட்டை நக்கிளோடு (சக்கர ஹப்பைத் தாங்கும் இரும்பு) சேர்க்கும் இரண்டு போல்ட், லோயர் ஆர்ம் போல்ட், பால் ஜாயிண்ட்டை (ஆர்மின் நுனியில் எந்தப் பக்கமும் திரும்பும் குண்டு மூட்டு) நெரித்துப் பிடிக்கும் போல்ட், இவற்றைத் துரு அரித்திருந்தாலும் மரை நசுங்கியிருந்தாலும் மாற்றியே ஆக வேண்டும். மேனுவலில் குறிப்பிட்ட நியூட்டன் மீட்டருக்கு (முடுக்கும் திருப்பு பலத்தின் அளவு) பின் ‘இத்தனை டிகிரி’ என்று கோணம் போட்டிருந்தால் பெரும்பாலும் அது ஒருமுறை மட்டும் பயன்படும் வகை. நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் உள்ளுக்குள் நிரந்தரமாக நீண்டிருக்கும். ஐரோப்பிய வடிவமைப்புக் கார்களில் இந்த வகை அதிகம்.

போன வருடம் லோயர் ஆர்ம் மாற்றும்போது கூட இருந்தவர் பக்கத்து வீட்டில் பிக்கப் ஓட்டும் இளைஞர். செலவுக் கணக்கைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “அண்ணா, நட்டு நல்லாத்தானுங்க இருக்கு. இதையும் எதுக்கு மாத்தணும்?” பழைய நைலான் நட்டையும் புதியதையும் அவர் கையில் கொடுத்து, இரண்டையும் புது போல்ட்டில் விரலால் ஏற்றிப் பார்க்கச் சொன்னேன். பழையது கடைசிவரை சுலபமாக ஓடியது. புதியது நைலான் தொட்ட இடத்தில் நின்றுவிட்டது. அதற்கு மேல் ஸ்பேனர் இல்லாமல் நகரவில்லை. அதற்குப் பிறகு அவர் கேள்வி கேட்கவில்லை. நீங்களும் இதைச் செய்து பாருங்கள், ஒரு நிமிட வேலை.

போல்ட் தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்கும். முதல் எண்ணை நூறால் பெருக்கினால் அந்த எஃகு அறுபடும் அளவு, மெகாபாஸ்கலில். இரண்டாவது எண், அதில் பத்துக்கு எத்தனை பங்கு வரை இழுத்தால் போல்ட் பழைய நீளத்துக்கே திரும்பும் என்பது. 8.8 என்றால் 800, அதில் 640 வரை பயமில்லை. 10.9 என்றால் 1000, 900. இருந்ததைவிடக் குறைந்த எண் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். 12.9 போட்டால் இன்னும் நல்லதுதானே என்றால், இல்லை. அவ்வளவு கடினமான எஃகு, நம் ஊர் ஈரத்திலும் துருவிலும் திடீரென்று விரிசல் விடும் ஆபத்து கூடுதல். துரு பிடிக்காதே என்று ஹார்டுவேர் கடையில் ஸ்டெயின்லெஸ் போல்ட் கேட்டு வாங்குபவர்களும் உண்டு. சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 ஸ்டெயின்லெஸ் 700 அளவில்தான் இருக்கிறது, நிரந்தரமாக நீளத் தொடங்குவதோ 450-லேயே. நம்பர் பிளேட்டுக்குப் போடலாம். சஸ்பென்ஷனுக்கு ஆகாது.

என் யோசனை, காரின் நிறுவனப் பாக எண்ணைச் சொல்லியே போல்ட்டையும் நட்டையும் வாங்குவது. மலையில் கிடைக்காவிட்டால் கோவையிலிருந்து வரவழைக்க இரண்டு நாள் ஆகும், ஆகட்டும். அவசரமாக வெளியில் வாங்குகிறீர்கள் என்றால் பழைய போல்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். ஸ்பேனர் அளவை வைத்துக் கேட்டால் ஏமாறுவோம்: எம்12 (12 மில்லிமீட்டர் விட்டம்) போல்ட்டுக்கே ஒரு காரில் 17 ஸ்பேனர், இன்னொன்றில் 18, வேறொன்றில் 19. மரையின் நெருக்கமும் 1.25, 1.5, 1.75 மில்லிமீட்டர் என்று மாறும். புது நட்டு பழைய போல்ட்டின் நல்ல மரையில் விரலால் மூன்று நான்கு சுற்று தடையில்லாமல் ஏற வேண்டும். இரண்டாம் சுற்றிலேயே முரண்டு பிடித்தால் நெருக்கம் வேறு. ஸ்பேனர் போட்டு ஏற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள், மரை போய்விடும்.

கருவிகள், குறிப்பாக டார்க் ரெஞ்ச்

ஜாக்கி, இரண்டு ஜாக்கி ஸ்டாண்ட், நீளக் கம்பியோடு பாக்ஸ் ஸ்பேனர் செட், ரிங் ஸ்பேனர், ஆலன் கீ, கம்பி பிரஷ், துரு இளக்கும் ஸ்பிரே, பிரேக் கிளீனர், வெள்ளை பெயிண்ட் பேனா. இவற்றோடு அரை அங்குல டார்க் ரெஞ்ச் ஒன்று (நாம் வைத்த அளவுக்கு முடுக்கியதும் ‘கிளிக்’ சொல்லும் ஸ்பேனர்). இரவல் வாங்கினாலும் சரி, இது இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம்.

100 நியூட்டன் மீட்டர் என்றால் எவ்வளவு? அரை மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் 20 கிலோவைத் தொங்கவிட்டால் வருவது கிட்டத்தட்ட அவ்வளவுதான். இந்தக் கணக்கை வைத்தே உங்கள் ரெஞ்ச் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். ரெஞ்சின் சதுர முனையை வைஸில் பிடித்து, கைப்பிடி தரைக்கு இணையாகக் கிடக்கும்படி வையுங்கள். சதுரத்தின் நடுவிலிருந்து கைப்பிடியின் நடு வரை அளந்துகொள்ளுங்கள். என்னுடையதில் 40 சென்டிமீட்டர். அந்த இடத்தில் கயிறு கட்டி, எடை போட்டுப் பார்த்த 20 கிலோ தண்ணீர்க் கேனை மெதுவாகத் தொங்கவிட்டேன். 20 × 9.8 × 0.40 என்றால் 78 நியூட்டன் மீட்டர். ரெஞ்சின் சொந்த எடைக்கு இரண்டு மூன்று சேர்த்தால் 80 சொச்சம். 75-ல் வைத்தபோது ‘கிளிக்’ கேட்டது, 86-ல் வைத்தபோது கேட்கவில்லை. எனக்கு அது போதும்.

அதைப் பயன்படுத்தும் விதம்: கைப்பிடியின் நடுவைப் பிடித்து, வெடுக்கென்று இல்லாமல் ஒரே சீராக இழுக்க வேண்டும். ஒரு கிளிக்கோடு நிறுத்த வேண்டும். உறுதிக்காக இன்னொரு கிளிக் கொடுத்தால் அது கூடுதல் முடுக்கல்தான். நட்டைக் கழற்ற இதைப் பயன்படுத்தக் கூடாது. வேலை முடிந்ததும் அளவைக் கீழ் எண்ணுக்கு இறக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் களைத்துப்போகும்.

எண்கள் எங்கே கிடைக்கும்? உங்கள் காரின் சர்வீஸ் மேனுவலில். வண்டியோடு கொடுக்கும் புத்தகத்தில் பெரும்பாலும் வீல் நட்டுக்கு மட்டும்தான் இருக்கும். பழைய மேனுவல்களில் கிலோகிராம் மீட்டர் கணக்கில் இருக்கும், 9.8-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். அங்கே 5 என்றால் 49 நியூட்டன் மீட்டர். அளவு ஒன்றும் கையில் இல்லை, பொதுவாக என்ன என்று கேட்பவர்களுக்கு: சாதாரண மரையுள்ள 8.8 போல்ட்டுக்கு எம்10 என்றால் ஐம்பதை ஒட்டியும், எம்12 என்றால் எண்பத்தைந்தை ஒட்டியும், எம்14 என்றால் நூற்று முப்பத்தைந்தை ஒட்டியும் பொது அட்டவணைகளில் இருக்கும். நான் இதை ஒரு சந்தேக நிவர்த்திக்கு மட்டுமே வைத்துக்கொள்கிறேன். மேனுவலில் கண்ட எண் எம்12-க்கு 20 என்றோ 300 என்றோ இருந்தால் எங்கோ தவறாகப் படித்திருக்கிறேன் என்று பொருள். முடுக்குவது எப்போதும் மேனுவல் எண்ணுக்குத்தான்.

சமமான தரை

நீலகிரியில் வீட்டு வாசல் சமமாக இருப்பது கொடுப்பினை. என் வாசல் சரிவு. அங்கே ஜாக்கி போடுவதில்லை என்று வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பச்சை இலை எடை போடும் கொட்டகை சும்மா இருக்கும். கேட்டுக்கொண்டு அந்த சிமெண்ட் தரைக்கு வண்டியைக் கொண்டுபோவேன். பின் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை. ஹேண்ட் பிரேக், கியரும் போட்டு. ஹாலோ பிளாக்கையோ செங்கல்லையோ காருக்கு முட்டுக் கொடுக்கவே கூடாது. அது எச்சரிக்கை கொடுக்காமல் பொடிந்து விழும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை விடுவதும் வேண்டாம். தூக்கிய உடனே ஸ்டாண்டில் இறக்கி, வண்டியைத் தோளால் ஒருமுறை தள்ளிப் பாருங்கள். ஆடினால் திரும்ப வையுங்கள்.

தூக்குவதற்கு முன் ஒரு அளவு எடுக்க வேண்டும், மறந்தால் பிறகு எடுக்க முடியாது. வண்டி நாலு காலில் நிற்கும்போது, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை எத்தனை சென்டிமீட்டர்? இரண்டு பக்கமும் அளந்து, மாஸ்கிங் டேப் ஒட்டி அதிலேயே எழுதிவிடுங்கள்.

கழற்றுதல்

முந்தின நாள் மாலையே கம்பி பிரஷ்ஷால் வெளியே நீட்டியிருக்கும் மரையைத் தேய்த்து, துரு இளக்கும் ஸ்பிரே அடித்துவிடுங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கோத்தகிரிப் பக்கம் மழையில் நனைந்த வண்டிக்கு இரண்டு முறை அடிக்க வேண்டும். மரையைத் தேய்க்காமல் நட்டைத் திருப்பினால், அந்தத் துருவெல்லாம் நட்டுக்குள் போய் இறுகிக்கொள்ளும்.

லிங்க் ராடு என்றால் முன் சக்கரம் இரண்டையும் தூக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு நிற்கும், ராடு வெளியே வராது, வந்தாலும் துள்ளிக்கொண்டு வரும். நட்டைத் திருப்பும்போது ராடின் பால் சேர்ந்து சுற்றும். நுனியில் உள்ள ஆலன் கீ துளையில் கீயை வைத்துப் பிடித்துக்கொண்டு ரிங் ஸ்பேனரால் திருப்ப வேண்டும். துளை துருவால் அடைத்திருந்தால் முதலில் ஊசியால் நோண்டிச் சுத்தம் செய்யுங்கள். பாதி இறங்கிய கீ வழுக்கித் துளையை உருண்டையாக்கிவிடும்.

ஸ்ட்ரட்டை நக்கிளோடு சேர்க்கும் இரண்டு போல்ட்டைக் கழற்றும் முன் பெயிண்ட் பேனாவால் போல்ட் தலை, நக்கிள், ஸ்ட்ரட் மூன்றிலும் சேர்த்து ஒரு கோடு இழுங்கள். அந்தத் துளையில் போல்ட் சற்று நகரும் அளவுக்கு இடைவெளி இருக்கும். அதில்தான் சக்கரத்தின் சாய்வு நிற்கிறது. ஏபிஎஸ் ஒயரையும் பிரேக் ஹோஸையும் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள்.

ஸ்ட்ரட்டின் உச்சியில், நடுவில் இருக்கும் பெரிய நட்டை ஸ்பிரிங் கம்ப்ரஸர் போட்டு ஸ்பிரிங்கை அமுக்காமல் தொடக் கூடாது. அந்த ஒரு நட்டுதான் ஸ்பிரிங்கின் முழு பலத்தையும் அடக்கி வைத்திருக்கிறது. கழன்றால் ஆளைக் கொல்லும். கம்ப்ரஸர் இல்லையென்றால் ஸ்ட்ரட்டை அப்படியே வெளியே எடுத்து, ஸ்பிரிங் மாற்றும் வேலையை மட்டும் ஒர்க்ஷாப்பில் கொடுத்து வாங்குங்கள். எனக்குத் தெரிந்து வீட்டில் செய்யக் கூடாத வேலை என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

சேஸிஸோடு பற்றவைத்த நட்டுக்குள் போகும் போல்ட், பாதி வந்து நின்றுகொண்டால் பலம் கொடுக்காதீர்கள். கால் சுற்று உள்ளே, அரைச் சுற்று வெளியே, ஸ்பிரே, காத்திருத்தல், மறுபடி. ஒரு மணி நேரம் ஆகட்டும். அந்தப் பற்றவைப்பு விட்டுப்போனால் தகட்டை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

மாட்டுதல், முதல் சுற்று

பாகத்தைப் பொருத்தும் இடம், போல்ட் தலை உட்காரும் இடம், நட்டு உட்காரும் இடம், மூன்றையும் கம்பி பிரஷ் போட்டு இரும்பு தெரியும்வரை தேயுங்கள். மண், துருச் செதில், பழைய பெயிண்ட் எதுவும் நடுவில் இருக்கக் கூடாது. இன்றைக்கு அதையும் சேர்த்து நெரித்து வைத்தால், நாளைக்கு வளைவில் அது பொடிந்து வெளியேறும். அந்த இடைவெளி அளவுக்குப் போல்ட் சுருங்கிவிடும். நட்டு சுற்றவே இல்லை, ஆனாலும் பிடிப்பு போயிற்று. புது நட்டு போட்டும் லூசாகிறது என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதை.

சேஸிஸில் உள்ள மரைக்குள் பிரேக் கிளீனர் அடித்துத் துணியால் துடையுங்கள். கிரீஸ் பூசலாமா? மரையிலும் தலைக்கு அடியிலும் கூடாது, மேனுவல் சொன்னால் ஒழிய. லோயர் ஆர்ம் புஷ்ஷின் (ஆர்ம் சேஸிஸில் மாட்டும் இடத்து ரப்பர் உருளை) இரும்புக் குழாய்க்குள் நிற்கும் போல்ட்டின் வழவழப்பான உடம்பில் மட்டும் மெல்லியதாகப் பூசுவேன். நம் ஊர் மழையில் போல்ட்டும் குழாயும் துருவால் ஒட்டிக்கொண்டால் அடுத்த முறை ரம்பம் போட்டு அறுக்க வேண்டியிருக்கும். பூசிய விரலோடு மரையைத் தொட்டுவிடாதீர்கள்.

எல்லா போல்ட்டையும் கையால் ஏற்றுங்கள். ஐந்து ஆறு சுற்றுக்கு ஸ்பேனரே வேண்டாம். பிறகு ஸ்பேனரால் பாகம் ஆடாத அளவுக்கு மட்டும். இந்த நிலையில் ஒன்றையும் முழுக்க முடுக்க வேண்டாம்.

பல சிறிய கார்களில் பால் ஜாயிண்ட்டின் தண்டு நக்கிளுக்குள் போய், குறுக்கே ஒரு போல்ட்டால் நெரிக்கப்பட்டிருக்கும். தண்டில் ஒரு பள்ளம் உண்டு. குறுக்கு போல்ட் அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் போக வேண்டும். போல்ட் தட்டினால் மட்டுமே போகிறது என்றால் தண்டு முழுக்க உள்ளே ஏறவில்லை. டார்ச் அடித்துத் துளை வழியே பாருங்கள், பள்ளம் தெரிய வேண்டும். தண்டு ஏறுவதற்காக உளியை வைத்து நக்கிளின் வாயை அகலப் பிளக்காதீர்கள்.

வேறு கார்களிலும், டை ராடு எண்டிலும் (ஸ்டியரிங்கை நக்கிளோடு இணைக்கும் கம்பியின் நுனி), கூம்பு வடிவத் தண்டும் கோட்டை மதில்போல் பள்ளம் வெட்டிய நட்டும் இருக்கும். நட்டோடு தண்டும் சுற்றினால், ஜாக்கியால் அடியிலிருந்து லேசாகத் தாங்கிக் கூம்பை உட்கார வையுங்கள். மேனுவலில் உள்ள குறைந்த அளவுக்கு முடுக்கி, ஸ்ப்ளிட் பின் துளை நேராக வரவில்லை என்றால் அடுத்த பள்ளம் வரும்வரை மேலும் முடுக்க வேண்டும். பின்னால் திருப்பி நேராக்கவே கூடாது. பலரும் செய்வது அதைத்தான். கூம்பின் பிடி அங்கேயே தளர்ந்துவிடும். பின்னின் ஒரு காலைத் தண்டின் மேலும் மற்றொன்றைக் கீழேயும் மடித்து விடுங்கள்.

நிற்கும் உயரத்தில் முடுக்குதல்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

லோயர் ஆர்ம் புஷ்ஷில் வெளியே ஒரு இரும்பு உறை, உள்ளே ஒரு இரும்புக் குழாய், நடுவில் இரண்டோடும் ஒட்டவைத்த ரப்பர். போல்ட்டை முடுக்கியதும் உள்குழாய் சேஸிஸோடு பூட்டிக்கொள்ளும். ஆர்ம் மேலும் கீழும் போகும்போது குழாய் சுற்றாது. ரப்பர்தான் முறுக்கி முறுக்கி விடும். சக்கரம் காற்றில் தொங்கும்போது ஆர்ம் முழுக்கக் கீழே இருக்கிறது. அப்படியே முடுக்கிவிட்டால், ரப்பருக்கு அதுதான் ஓய்வு நிலை. வண்டியைத் தரையில் இறக்கியதுமே அது முறுக்கிக்கொண்டு நிற்கும், நிறுத்தி வைத்திருக்கும் இரவெல்லாம்கூட. வளைவில் அமுங்கும்போது இன்னும் முறுக்கும். சில மாதத்தில் ஓரம் கிழியும்.

எனக்கு இது நடந்திருக்கிறது. வெளியே கொடுத்து மாற்றிய ஆர்ம், லிஃப்டில் தூக்கிய நிலையிலேயே இம்பாக்ட் கன்னால் (நட்டை அடித்து அடித்துச் சுற்றும் துப்பாக்கி வடிவக் கருவி) முடுக்கப்பட்டது. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் இறக்கத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்க ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்தால் ரப்பரின் கீழ்ப்பாதியில் பிறை நிலா வடிவில் கிழிசல், நகம் உள்ளே போகும் ஆழத்துக்கு. பாகத்தில் குறையில்லை.

சரியான முறை: சக்கரம் கழற்றிய நிலையில், ஜாக்கியை பால் ஜாயிண்ட்டுக்கு அருகே ஆர்மின் அடியில் மரக்கட்டை வைத்துக் கொடுத்து மெதுவாகத் தூக்குங்கள். ஹப்பின் நடுவிலிருந்து ஃபெண்டர் வரை, டேப்பில் எழுதி வைத்த அதே அளவு வரும்வரை. வண்டி ஸ்டாண்டை விட்டு எழும்பப் பார்த்தால் நிறுத்துங்கள். சிறிய கார்களில் எடை போதாமல் அளவு வருவதற்கு முன்பே எழும்பும். அப்போது சக்கரத்தை மாட்டி, இரண்டு பக்கமும் தடிமனான பலகை அடுக்கி அதன்மேல் இறக்கி, வண்டியை நான்கைந்து முறை அமுக்கி விட்டு, கை நுழையும் இடைவெளியில் முடுக்குங்கள். பலகை மேல் நிற்கும் வண்டிக்கும் பின் சக்கரக் கட்டை வேண்டும். ஸ்டாண்டையும் பக்கத்திலேயே நிறுத்தி வையுங்கள். பின் ஆக்ஸில் புஷ்ஷுக்கும் இதே விதி. பால் உள்ள லிங்க் ராடுக்கு ரப்பர் முறுக்கும் பிரச்சினை இல்லை, இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இருந்தால் போதும்.

இப்போது டார்க் ரெஞ்ச். முடிந்தவரை நட்டைச் சுற்றுங்கள், போல்ட் தலையை இன்னொரு ஸ்பேனரால் அசையாமல் பிடியுங்கள். இரண்டு போல்ட் உள்ள இடத்தில் முதலில் இரண்டையும் பாதி அளவுக்கு, பிறகு முழு அளவுக்கு. நைலான் நட்டுக்கு வெளியே ஒன்றிரண்டு மரையாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கோணம் கேட்கும் போல்ட்டுக்கு, முதல் அளவு முடிந்ததும் தலையில் பெயிண்ட் புள்ளி வைத்து, சொன்ன டிகிரி வரை ஒரே இழுப்பில் திருப்புங்கள். அறுகோணத்தில் ஒரு முனையிலிருந்து அடுத்த முனை 60 டிகிரி, அதை வைத்துக் கணக்கிடலாம். இம்பாக்ட் கன் கழற்றுவதற்கு நல்ல கருவி. கடைசி முடுக்கலுக்கு வேண்டாம். ஸ்ட்ரட் உச்சி நட்டில் கன் போட்டால் ராடு சேர்ந்து சுற்றி உள் சீல் கெடும்.

முடுக்கி முடித்த ஒவ்வொரு நட்டிலும் உடனே, அடுத்ததற்குப் போகும் முன், நட்டிலிருந்து பக்கத்து இரும்பு வரை ஒரு வெள்ளைக் கோடு. கோடு இல்லாத நட்டு முடுக்காத நட்டு. மழை வந்து வேலையைப் பாதியில் விட்டு ஓடினாலும் எங்கே விட்டோம் என்று இது சொல்லும்.

வீல் நட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை: ஹப் முகத்தைத் துருவில்லாமல் தேய்த்து, எதிரெதிராக மாற்றி மாற்றி, வண்டியைத் தரையில் இறக்கிய பின் டார்க் ரெஞ்ச். சிறிய கார்களில் பெரும்பாலும் 80-க்கும் 110-க்கும் இடையில் இருக்கும்.

பிறகு

முதல் ஓட்டம் பக்கத்திலேயே, கண்ணாடியை இறக்கி விட்டு, ரேடியோ இல்லாமல். நக்கிள் போல்ட்டையோ டை ராடையோ தொட்டிருந்தால் அடுத்த வேலை வீல் அலைன்மெண்ட். பெயிண்ட் கோடு பார்த்து மாட்டியிருந்தாலும் போயே ஆக வேண்டும். கோடு கடைவரை ஓட்டிப்போவதற்கு மட்டும்தான்.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கி ஏறினால் 60 கிலோமீட்டருக்கு மேல். நான் வேலை முடிந்த வாரத்தில் வேண்டுமென்றே அந்தப் பயணத்தை வைத்துக்கொள்வேன். வந்ததும், இன்ஜின் ஆறிய பிறகு, வீல் நட்டை டார்க் ரெஞ்சால் ஒருமுறை பார்ப்பேன். மற்ற நட்டுகளில் வெள்ளைக் கோடு உடைந்திருக்கிறதா என்று மட்டும் டார்ச் அடித்துப் பார்ப்பேன். கோடு நேராக இருந்தால் கை வைப்பதில்லை. கோணம் கொடுத்து முடுக்கிய போல்ட்டைத் திரும்ப முடுக்கவே கூடாது. ஒரு நட்டின் கோடு விலகியிருந்தால் அதை மறுபடி முடுக்கி விட்டுவிடாதீர்கள். கழற்றுங்கள், உட்காரும் இடத்தைப் பாருங்கள், காரணம் அங்கே இருக்கும். சுத்தம் செய்து, இன்னொரு புது நட்டு. இதற்காகவே நைலான் நட்டு வாங்கும்போது ஒவ்வொரு அளவிலும் ஒன்று கூடுதலாக வாங்கி டேஷ்போர்டு பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்.

பிக்கப் வைத்திருப்பவர்கள் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கின் யு-போல்ட்டை இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்து அடங்குவதால் புது யு-போல்ட் தானாகவே சற்றுத் தளரும். அதை மட்டும், சரக்கோடு சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின், கோடு நேராக இருந்தாலும் டார்க் ரெஞ்ச் போட்டுப் பார்க்க வேண்டும்.

500 கிலோமீட்டரில் மறுபடி ஒரு பார்வை. அதற்குள் அடியில் சேறு அப்பியிருக்கும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டுப் பாருங்கள், கோடு அப்போதுதான் தெரியும்.